இரண்டாவது பொன்னாடை

கார்னார்வன், வட வேல்ஸ்
4 பெப்ரவரி 2024

அன்புள்ள அண்ணைக்கு,

சுவர்ணா எழுதுவது. நான் சுகம். அண்ணியின் முழங்கால் இப்போது எப்படி? போனில் கதைத்தால் நாங்கள் இரண்டு பேரும் சண்டை பிடிக்கிறோம், கடிதம் என்றால் முத்திரை ஒட்டுவதற்குள் கோபம் ஆறிவிடும் என்று அண்ணி போட்ட சட்டத்தை நான் மீறவில்லை. நீங்கள்தான் இடையில் வட்ஸ்அப்பில் கோவில் படங்கள் அனுப்புகிறீர்கள். அவற்றை நான் கடிதமாக ஏற்றுக்கொள்வதில்லை.

விவரணப் படம் தொடங்கிவிட்டோம். பியற்றிஸ் அக்காவைப் பற்றிப் போன வருடம் சொன்னேனே, மன்னாரிலிருந்து வந்து இங்கே முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவ, அவவும் அந்த இல்லத்தில் இருக்கிற ஹியூவும்தான் படம். ஹியூவுக்கு எண்பத்தெட்டு வயது. கப்பல் எஞ்சினியராக இருந்து துறைமுகம் துறைமுகமாக ஆங்கிலம் பேசித் திரிந்த மனிதர். மறதி நோய் வந்து ஆங்கிலம் முழுவதும் போய்விட்டது. தாய் மடியில் கேட்ட வெல்ஷ் மட்டும் மிச்சம். பியற்றிஸ் அக்காவுக்கோ வெல்ஷ் தெரியாது. வேறு வழியில்லாமல் அவரிடமே படித்தா. தான் ஒருத்திக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது அவருக்கு நினைவில்லை, அவவுக்கு நினைவிருக்கிறது. இப்போது இரண்டு பேரும் நாள் முழுக்கக் கதைக்கிறார்கள். களைத்துப்போனால் அக்கா தன்னை அறியாமல் தமிழுக்கு மாறிவிடுவா. அவர் அதையும் தலையாட்டிக் கேட்கிறார்.

எங்கள் கம்பெனி என்பது நானும் எலெரியும் ஒரு கெமராவும். வெல்ஷில் படம் செய்கிற எங்களைப்போன்ற சின்னத் தயாரிப்பாளர்களுக்கு அவிர் என்ற வெல்ஷ் தொலைக்காட்சிச் சானலை விட்டால் வேறு வாசல் இல்லை. "எடுங்கள், ஒப்பந்தம் பின்னால் வரும்" என்று வாய்ச்சொல் தந்திருக்கிறார்கள். இந்தப் படம் போனால் கம்பெனியும் போகும். ஹியூவும் காத்திருக்கிற வயதில் இல்லை.

இப்போது உங்களுக்குச் சிரிப்பு வரும். அவிரில் சண்டை. நிர்வாக சபையின் தலைவி நெஸ்டாவும் பிரதம நிறைவேற்று அதிகாரி கெதினும் ஒருவரோடு ஒருவர் கதைப்பதில்லை. கெதின் ஆட்களைக் கத்தி மிரட்டுகிறார் என்கிறது தலைவி பக்கம். தலைவி தன் கதிரையைப் பறிக்கப் பார்க்கிறா என்கிறது கெதின் பக்கம். ஒப்பந்தத்துக்கு இரண்டு பேரின் கையெழுத்தும் வேண்டும். ஒருவர் தொட்ட பேனையை மற்றவர் தொடமாட்டாராம்.

அன்புடன்,
தங்கச்சி
சுவர்ணா


கோலியர்ஸ் வுட், லண்டன்
18 பெப்ரவரி 2024

என் அன்புத் தங்கச்சி சுவர்ணாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணியின் முழங்கால் அப்படியேதான். அவவின் முழங்காலைப் பற்றி விசாரிக்கிற நீ, எங்கள் மகன் சுஜீத்தின் பட்டமளிப்புக்கு வராததைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. பரவாயில்லை. நான் அதை மறந்துவிட்டேன். அடுத்த கடிதத்திலும் மறந்துவிட்டேன் என்று எழுதுவேன்.

வெள்ளைக்காரரும் மொழிக்காகச் சண்டை பிடிக்கிறார்கள் என்று கேட்க மனதுக்கு ஒரு ஆறுதல். நீ உடனே "அண்ணை, வெல்ஷ்காரரை வெள்ளைக்காரர் என்று பொதுவாகச் சொல்லாதேங்கோ" என்பாய். சரி. ஆனால் இந்த விஷயத்தில் உலகத்தில் யாருக்காவது அனுபவம் இருக்கிறதென்றால் அது லண்டன் தமிழ் வானொலிக்காரருக்குத்தான். எங்கள் வான்முரசு வானொலி பிளந்தபோது நீ பல்கலைக்கழகத்தில் இருந்தாய். மைக்கை யார் வைத்திருப்பது என்று தொடங்கி, சண்டை சரஸ்வதி படத்தில் வந்து நின்றது. அவர்கள் மைக்கை எடுத்தார்கள், நாங்கள் சரஸ்வதியை எடுத்தோம். இன்றைக்கும் அப்பர் டூட்டிங் ரோட்டில் ஒரே படிக்கட்டில் முதல் மாடியில் அவர்களின் வான்முரசு, இரண்டாம் மாடியில் எங்கள் அசல் வான்முரசு. அவர்களின் தலைவர் கிருஷ்ணமூர்த்தி ஏறுகிற சத்தம் கேட்டால் நான் இறங்கமாட்டேன். இந்த ஒழுங்கில் பல வருடம் பண்பாடாக வாழ்கிறோம்.

ஆகவே என் சொல்லைக் கேள். பக்கம் சேராதே. ஆனால் ஒதுங்கியும் நிற்காதே. ஒதுங்கி நிற்பவனை இரண்டு பக்கமும் சந்தேகிக்கும். இரண்டு பக்க விழாவுக்கும் போக வேண்டும். இரண்டு பக்கத்திலும் அதே அளவு சிரிக்க வேண்டும். அவர்களின் ஆண்டு விழாவில் பொன்னாடை போட்டால் எங்கள் விழாவிலும் பொன்னாடை. நகைக்கடைக்காரர் கல்யாணசுந்தரம் இப்படித்தான் இரண்டு வானொலியிலும் விளம்பரம் கொடுத்து, இரண்டு இடத்திலும் புரவலராக இருக்கிறார். ஒருவருக்கும் அவரில் கோபமில்லை.

எங்கள் இருபதாவது ஆண்டு விழா மேயில் வருகிறது. பிரதம விருந்தினர் இன்னும் அகப்படவில்லை. எம்பி வரமாட்டாராம், மேயர் மற்றப் பக்கத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். அது என் கவலை. நீ உன் படத்தைப் பார்.

அந்த மன்னார்ப் பிள்ளையை நான் கேட்டதாகச் சொல்லு.

பாசமுள்ள அண்ணன்,
குகதாசன்


கார்னார்வன்
7 ஏப்ரல் 2024

அன்பின் அண்ணைக்கு,

சுஜீத்தின் பட்டமளிப்புக்கு வராதது தவறுதான். அன்றைக்குப் படப்பிடிப்பு இருந்தது என்று அப்போதே சொன்னேன். நீங்கள் மறந்தது போதும், மன்னித்துவிடுங்கள்.

அவிர் எல்லா ஒப்பந்தங்களையும் நிறுத்திவைத்துவிட்டது. "நிறுத்தவில்லை, மூச்சு வாங்குகிறோம்" என்று அறிக்கை விட்டிருக்கிறார்கள். அவர்கள் மூச்சு வாங்குகிற நேரத்தில் இந்த ஊரில் இரண்டு கம்பெனிகள் மூச்சை விட்டுவிட்டன. ஒன்று சிறுவர் நிகழ்ச்சி செய்த கம்பெனி. அதன் பொம்மைகள் தபாற்கந்தோருக்குப் பக்கத்துக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் விற்பனைக்கு இருக்கின்றன. போகும்போதும் வரும்போதும் அதில் ஒரு நீர்நாய்ப் பொம்மை என்னையே பார்க்கிறது.

தலைவியை ஆதரித்துத் தயாரிப்பாளர்கள் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். கெதினை ஆதரித்து இன்னொன்று. இரண்டிலும் "மொழியின் எதிர்காலம்" என்ற சொல் அதே இடத்தில் வருகிறது. நானும் எலெரியும் இரண்டிலும் கையெழுத்து வைக்கவில்லை. கனபேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். எலெரி பிறந்த ஊர் இது. அவவின் மச்சானே அவவோடு கதைப்பதில்லை. ஆனால் அதனால்தான் இப்போது ஒரு நம்பிக்கை. சபை மூன்று பேர் கொண்ட குழுவை வைத்திருக்கிறது. சண்டையில் சம்பந்தப்படாத கம்பெனிகளின் ஒப்பந்தங்களை அந்தக் குழுவே இரண்டு பேரின் கையெழுத்தும் இல்லாமல் விடுவிக்குமாம். அப்படிப்பட்ட கம்பெனிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, நாங்கள் அதில் ஒன்று. ஜூன் தொடக்கத்தில் முடிவு. அதுவரை வாயைத் திறக்கக்கூடாது. உங்கள் நகைக்கடைக்காரர் மாதிரி இரண்டு பக்கமும் போவதெல்லாம் இங்கே சரிவராது, அண்ணை. இங்கே போகாமல் இருப்பதுதான் ஒரே வழி.

ஹியூ மார்ச் முழுக்க நெஞ்சுச்சளியோடு கிடந்தார். இப்போது எழுந்து உட்காருகிறார். எப்போதும் குளிர் என்கிறார். பியற்றிஸ் அக்கா அவரை "அப்பு" என்று கூப்பிடுகிறா. ஒரு நாள் அவர் கெமராவைக் காட்டி, இந்தப் பெட்டிக்குப் பசிக்காதா, எதாவது கொடுங்கள் என்றார்.

வேல்ஸைக் காக்கிற தலைவி நெஸ்டா குடியிருப்பது எங்கே தெரியுமா? விம்பிள்டனில். உங்களுக்குப் பக்கம்தான், ஒரே பஸ்ஸில் போவீர்களோ என்னவோ.

அன்புடன்,
சுவர்ணா


கோலியர்ஸ் வுட்
20 மே 2024

என் அருமைத் தங்கச்சிக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து வாசி. அண்ணி எனக்குப் பக்கத்தில் நின்று "முதலில் விழா நல்லாய் நடந்ததெண்டு எழுதுங்கோ" என்கிறா. விழா நல்லாய் நடந்தது. மண்டபம் நிறைந்தது. மற்றப் பக்கத்து ஆட்களும் வந்து சாப்பாட்டைக் குறை சொன்னார்கள், அதுவே வெற்றி.

பிரதம விருந்தினர் யார் என்று நினைக்கிறாய்? திருமதி நெஸ்டா அவர்கள்! உன் கடிதம் வந்த அன்றே யோசித்துவிட்டேன். ஒரு சின்ன மொழியின் ஒலிபரப்பு இன்னொரு சின்ன மொழியின் ஒலிபரப்பைக் கௌரவிக்கிறது என்று அழைப்பு எழுதினேன். மறுநாளே பதில். நேரத்துக்கு முன்னமே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தா. நாங்கள் வழக்கம்போல ஒன்றரை மணித்தியாலம் பிந்தித் தொடங்கினோம். ஒரு சொல் சொல்லவில்லை. குத்துவிளக்கு ஏற்றினா. ஜெனோஜா அறிவிப்பாளர். "வெல்ஷ் மொழியின் தாயே வருக" என்று அவ சொல்ல, சபை கைதட்டியது. சயந்தினி ரீச்சர் பொன்னாடை போர்த்தினா. அந்த மனுசி கோட்டைக் கழற்றவில்லை, கோட்டுக்கு மேலேயே போர்த்தினோம். "மொழிக் காவலர்" என்ற பட்டமும் கொடுத்தோம். அவவின் கண் கலங்கிவிட்டது. பிறகு பந்தியில் என் காதுக்குள் சொன்னா, மூன்று மாதமாகத் தன்னை ஒருவரும் எங்கேயும் கூப்பிடவில்லை என்று. எனக்கே பாவமாகப் போய்விட்டது. இரண்டு வடை கூட வைக்கச் சொன்னேன்.

உன்னை நான் மறப்பேனா? என் பேச்சில் உன் கம்பெனியின் பெயரைச் சொல்லி, "என் தங்கச்சியின் நிறுவனம் என்றைக்கும் உங்களுக்குப் பின்னால் நிற்கும்" என்றேன். தமிழில் ஒரு தரம், ஆங்கிலத்தில் ஒரு தரம். படம் எங்கள் பேஸ்புக் பக்கத்தில் உன் பெயரோடு இருக்கிறது. ஒரு பிரதி இத்துடன்.

பக்கம் சேர்ந்துவிட்டேன் என்று பதறாதே. உன் அண்ணனுக்கு அரசியல் தெரியும். பொன்னாடை இரண்டு வாங்கினேன். ஒரே கடை, ஒரே நிறம், ஒரே கரை. இரண்டாவது திரு. கெதினுக்கு. ஜூலையில் எங்கள் விளையாட்டுப் போட்டி. அவரைக் கூப்பிட்டு வெற்றிக் கோப்பைகளைக் கொடுக்கவைத்துப் போர்த்துவோம். கணக்குச் சமன்.

சந்தோசமாகப் பதில் எழுது.

அண்ணன்
குகதாசன்


கார்னார்வன்
9 ஜூன் 2024

அண்ணைக்கு,

இதை நான் மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். அண்ணியின் சட்டம் சரிதான். முதல் கடிதம் உங்களுக்கு வந்திருந்தால் இரண்டாவதுக்குத் தேவை இருந்திருக்காது.

உங்கள் விழாப் படம் திங்கட்கிழமை காலையில் இங்கே செய்தித் தளத்தில் வந்தது. பொன்னாடையோடு தலைவி, பக்கத்தில் கைகூப்பியபடி நீங்கள். அதே வாரத்தில்தான் சானலில் வேலை செய்கிற ஒரு பெட்டை, தலைவி பக்கத்து ஆட்கள் கெதினுக்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொல்லத் தன்னை நெருக்கினார்கள் என்று அழுதுகொண்டு பேட்டி கொடுத்தாள். பேட்டிக்குக் கீழே உங்கள் படம். "தயாரிப்பாளர் குடும்பம் தலைவிக்குப் பட்டுச் சால்வை" என்று தலைப்பு.

குழுவிலிருந்து கடிதம் வந்தது. மரியாதையான கடிதம். சண்டையில் சம்பந்தப்படாத கம்பெனிகளில் இனி எங்களைச் சேர்க்க முடியாதாம். மற்ற எல்லாரோடும் சேர்ந்து காத்திருக்க வேண்டுமாம்.

எலெரி படத்தைக் கனநேரம் பார்த்தா. இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டா. அர்த்தம் ஒன்றுமில்லை, எங்கள் ஆட்கள் மேடையில் ஏறுகிற எல்லாருக்கும் போர்த்துவார்கள், பல் டொக்டருக்கும் போர்த்துவார்கள் என்றேன். "அர்த்தம் இல்லையென்றால் ஏன் போர்த்துகிறார்கள்?" என்று கேட்டா.

இங்கே ஒருத்தரின் தோளைத் தொடுவதென்றாலே யோசித்துத் தொடுகிறார்கள், அண்ணை. போர்த்தினால் போர்த்தினதுதான். பிறகு மற்றவருக்கும் போர்த்திச் சமன் செய்ய ஏலாது.

என்னிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாமே. நான் எழுதியிருந்தேன், வாயைத் திறக்கக்கூடாது என்று. என் கடிதத்தில் உங்களுக்குத் தெரிந்தது விம்பிள்டன் மட்டும்தானா?

நீங்கள் எனக்குக் கெடுதல் நினைக்கவில்லை என்று தெரியும். அதனால்தான் யாரைக் கோபிப்பது என்று தெரியாமல் இருக்கிறேன்.

தயவுசெய்து பேஸ்புக்கிலிருந்து அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். வேறு ஒன்றும் செய்ய வேண்டாம்.

சுவர்ணா


கோலியர்ஸ் வுட்
23 ஜூன் 2024

அன்புத் தங்கச்சிக்கு,

படத்தை எடுத்துவிட்டோம். அண்ணி இரண்டு நாளாக என்னோடு கதைக்கவில்லை. சமையல் மட்டும் நடக்கிறது.

வேறு ஒன்றும் செய்ய வேண்டாம் என்று எழுதியிருந்தாய். உன் கடிதம் வருவதற்கு முதலே சுஜீத் இணையத்தில் செய்தியைப் பார்த்துச் சொன்னதால் நான் ஒன்று செய்துவிட்டேன். கோபிக்காமல் கேள். அவிரின் நிர்வாக சபைக்கு அசல் வான்முரசின் கடிதத் தாளில் விளக்கம் அனுப்பினேன். பொன்னாடை எங்கள் பண்பாட்டில் ஒரு சாதாரண மரியாதை, அதில் ஆதரவும் இல்லை, எதிர்ப்பும் இல்லை என்று நிரூபிக்க, இருபது வருட விழாக்களில் நாங்கள் போர்த்திய ஆட்களின் படங்களை இணைத்தேன். இரண்டு கட்சி எம்பிமார், பல் டொக்டர், பார்க்கிங் டிக்கட் தருகிற கவுன்சில்காரர், மண்டபத்தின் காவலாளி, ஒரு தரம் ஆள்மாறிப் போர்த்திவிட்ட, சாப்பாடு கொண்டுவந்த வான் ட்ரைவர். "இவர்களில் எவரையும் நாங்கள் ஆதரிக்கவில்லை" என்று தெளிவாக எழுதினேன். இதைவிட ஒரு மனிதன் என்ன விளக்கம் சொல்லலாம்?

பதில் வந்தது. சபையிடமிருந்து இல்லை, திருமதி நெஸ்டாவிடமிருந்து. ஒரே வரி. வான் ட்ரைவருக்குக் கொடுத்த மரியாதையைத் தனக்கும் தந்ததற்கு நன்றி என்று. அதை அவ எந்த மனதோடு எழுதினா என்று எனக்கு விளங்கவில்லை. அண்ணிக்கு விளங்கியது.

திரு. கெதினுக்கு அனுப்பிய அழைப்புக்கு அவருடைய வழக்கறிஞர் பதில் எழுதியிருக்கிறார். அவர் விளையாட்டுப் போட்டிக்கு வரமாட்டார்.

இப்போது இரண்டு பக்கமும் எங்களில் கோபம். ஒரு விதத்தில் நீ திரும்பவும் நடுநிலைதானே என்று நேற்று அண்ணியிடம் சொன்னேன். அவ எழுந்து போய்விட்டா.

நான் வந்து ஹியூவையும் அந்தக் குழுவையும் பார்க்கட்டுமா? ரயில் பார்த்து வைத்திருக்கிறேன். நீ சொன்னால் வாறன்.

குகதாசன்


கார்னார்வன்
27 ஒக்டோபர் 2024

அண்ணைக்கு,

ஜூலையிலும் ஓகஸ்டிலும் நீங்கள் எழுதிய கடிதங்கள் கிடைத்தன. பதில் எழுதாதது கோபத்தால் மட்டுமில்லை.

அவிரில் சமாதானம். செய்தியில் பார்த்திருப்பீர்கள். தலைவியும் விலகிவிட்டா, கெதினும் விலகிவிட்டார். ஒருவரின் சேவையை மற்றவர் பாராட்டி அறிக்கை விட்டிருக்கிறார்கள். புதிதாக வந்தவர் நல்ல மனிதராம். காயங்கள் ஆற வேண்டும் என்று சொல்லி, தயாரிப்பாளர்கள் எல்லாரையும் புதிதாக விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறார். நாங்கள் விண்ணப்பிக்கவில்லை. கம்பெனியை ஓகஸ்ட் கடைசியில் மூடிவிட்டோம். கெமராவை நீர்நாய் இருந்த அதே கடை எடுத்துக்கொண்டது. எலெரி பக்கத்துப் பாங்கர் நகர ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருக்கிறா. எனக்குக் கவுன்சிலில் மொழிபெயர்ப்பு வேலை. குப்பைத்தொட்டி அறிவித்தல்களை ஆங்கிலத்திலிருந்து வெல்ஷுக்கு மாற்றுகிறேன். அவை வீடுவீடாகப் போய்ச் சேருகின்றன. நான் செய்த எந்தப் படத்துக்கும் இவ்வளவு வாசகர் இருந்ததில்லை.

பொன்னாடை திரும்பி வந்தது. பதவி விலகுகிறவர்கள் அன்பளிப்புகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று விதியாம். உங்கள் மேடைப் பேச்சில் எங்கள் கம்பெனியின் பெயர் வந்ததால் எங்களுக்கு அனுப்பிவிட்டார்கள். கம்பெனிக் கதவைப் பூட்டித் திறப்பைக் கட்டடக்காரரிடம் கொடுக்கப் போன அன்று தபால்காரர் படியில் நின்றார். அதைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் முதியோர் இல்லத்துக்குப் போனேன். ஹியூ ஜன்னலோரம் நடுங்கிக்கொண்டிருந்தார். பியற்றிஸ் அக்கா ஒன்றும் கேட்காமல் என் கையிலிருந்து அதை வாங்கி, நாலாய் மடித்து, அவரின் முழங்காலில் போட்டா. அவர் கரையைத் தடவித் தடவிப் பார்த்தார். செப்டெம்பர் முழுக்க அது அவரோடுதான் இருந்தது. ஒருவரையும் கழுவக்கூட எடுக்க விடவில்லையாம்.

இந்த மாதம் பதினோராம் திகதி அவர் காலமானார். பெட்டியில் அதையும் வைத்து அனுப்பினோம். அவரின் மகள்தான் வைக்கச் சொன்னா.

நாங்கள் எடுத்தது ஒரு படத்துக்குப் போதாது. அவரில்லாமல் மிச்சத்தை எடுக்கவும் ஏலாது. உங்கள் விழா இல்லாவிட்டால் ஜூனில் ஒப்பந்தம் வந்திருக்குமோ, ஹியூவின் கோடைக்காலம் முழுக்கப் படத்தில் இருந்திருக்குமோ, யாருக்குத் தெரியும். அந்தக் குழுவும் வேறு ஏதாவது காரணம் கண்டுபிடித்திருக்கலாம். இரவில் நான் உங்கள் பக்கம் நின்று வாதாடுகிறேன், விடிந்ததும் தோற்றுப்போகிறேன்.

அண்ணை, நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது பள்ளிக்கூட நாடகத்தில் எனக்குப் பேச்சில்லாத வேடம். நீங்கள் ரீச்சரிடம் போய்ச் சண்டை பிடித்து எனக்கு நாலு வரி வாங்கித் தந்தீர்கள். அந்த நாலு வரி இன்னொருத்தியுடையது. அவள் பிறகு என்னோடு கதைக்கவேயில்லை. நீங்கள் அன்றைக்கும் சந்தோசமாகத்தான் வீட்டுக்கு வந்தீர்கள்.

இனி எனக்காக ஒன்றும் செய்யாதேங்கோ. வரவும் வேண்டாம். அண்ணியின் முழங்காலுக்கு மருந்து தனியாக அனுப்பியிருக்கிறேன்.

சுவர்ணா


கோலியர்ஸ் வுட்
19 ஜனவரி 2025

அன்புத் தங்கச்சி சுவர்ணாவுக்கு,

தைப்பொங்கல் வாழ்த்துகள். நத்தாருக்கு எழுதியதற்கும் புதுவருடத்துக்கு எழுதியதற்கும் பதில் இல்லை. இதற்கும் வேண்டாம். அண்ணிக்கு நீ எழுதுகிறாய் என்று தெரியும். கடிதத்தை அவ தலையணைக்குக் கீழே வைக்கிறா. நான் எடுத்துப் பார்ப்பதில்லை. ஒரு தரம் உறையை மட்டும் பார்த்தேன். உன் எழுத்து அப்படியே இருக்கிறது.

அசல் வான்முரசு பிளந்துவிட்டது. காரணம் கேட்டால் நீ சிரிப்பாய், எழுதவில்லை. இரண்டு பக்கமும் என்னைத் தலைவராக இருக்கச் சொல்லி வந்தார்கள். இரண்டு பேருக்கும் தேத்தண்ணி கொடுத்து, ஏலாது என்று அனுப்பினேன். படிக்கட்டில் போன கிழமை கிருஷ்ணமூர்த்தி எதிரே வந்தார். நான் ஒதுங்கவில்லை, அவரும் ஒதுங்கவில்லை. "என்ன குகதாசன், கனநாளாய்க் காணேல்லை" என்றார். "ஓம், கனநாள்" என்றேன். சரஸ்வதி படத்தை அவரிடமே கொடுத்துவிட்டேன். அவர்களிடம் மைக் இருக்கிறது.

உங்கள் எலெரி சுஜீத்துக்கு ஒரு இணைப்பு அனுப்பியிருந்தா. நீங்கள் எடுத்ததில் சில நிமிடங்களை ஹியூவின் மகளின் சம்மதத்தோடு இணையத்தில் போட்டிருக்கிறாவாம். நீ அனுப்பவில்லை என்று எனக்குத் தெரியும். பார்க்கலாமா என்று அண்ணியைக் கேட்டேன். "பாருங்கோ, ஆனால் ஒருத்தருக்கும் அனுப்பாதேங்கோ" என்றா. அனுப்பவில்லை.

எனக்கு வெல்ஷ் தெரியாது. கீழே ஆங்கிலத்தில் ஓடிய வரிகளை முதல் தரம் வாசித்தேன். இரண்டாம் தரம் அதைக் கையால் மறைத்துவிட்டு அவர்களின் முகத்தைப் பார்த்தேன். இருபது வருடம் ஒலிபரப்புச் செய்திருக்கிறேன், தங்கச்சி. இரண்டு பேர் ஒருவருக்கொருவர் கதைப்பதை ஒரு நாளும் ஒலிபரப்பவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. நாங்கள் எல்லாரும் சபைக்குத்தான் கதைத்திருக்கிறோம்.

கடைசியில் ஒரு இடம் வருகிறது. நீ வெட்டாமல் வைத்த இடம் என்று நினைக்கிறேன். பியற்றிஸ் களைத்துப்போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறா. வெல்ஷும் இல்லை, ஆங்கிலமும் இல்லை, தமிழில் கேட்கிறா: "குளிருதோ அப்பு?" அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார்: "ஓம்."

எவ்வளவு தெளிவாகச் சொல்கிறார். யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் மாதிரி. அந்த ஒரு சொல் அவருக்கு எப்போது வந்தது என்று அவருக்கும் தெரிந்திருக்காது. நான் நிறுத்தி நிறுத்தித் திரும்பவும் போட்டேன். ஒருவரும் அவருக்கு விழா எடுக்கவில்லை, பட்டம் கொடுக்கவில்லை. அவருக்குப் போய்ச் சேர்ந்த பொன்னாடைதான் நாங்கள் போர்த்தியதில் சரியான ஆளுக்குப் போனது, அதை நாங்கள் போர்த்தவில்லை.

கெதினுக்கு வாங்கிய மற்றது இவ்வளவு நாளும் அலுமாரிக்குள் இருந்தது. உனக்கு அனுப்புவோமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பிறகு நீ எழுதியது நினைவுக்கு வந்தது. அனுப்பவில்லை. இந்த ஒரு வருடத்தில் உனக்காக நான் செய்தது அதுதான்.

ஹீட்டர் பழுது, ஆள் செவ்வாய்க்கிழமைதான் வருவான். படம் ஓடிக்கொண்டிருக்கக் கால் விறைத்துப்போய், அந்தப் பொன்னாடையை எடுத்து நாலாய் மடித்து முழங்காலில் போட்டுக்கொண்டேன். அண்ணி குசினிக்குள்ளிருந்து "குளிருதோ?" என்று கேட்டா.

ஓம் என்றேன்.

உன் அண்ணன்
குகதாசன்